லேப்டாப் அடிக்கடி ஹேங் ஆகுது, பேக்கப்பும் பாதியில நிக்குது - ரெண்டும் ஒரே பிரச்னையா?

முல்லைக்கொடி:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன் பொறுத்துக்கோங்க, எது முக்கியம் எது இல்லன்னு எனக்குப் பிரிச்சுப் பார்க்கத் தெரியல, அதனால நடக்குறதை அப்படியே சொல்லிடறேன்.

லேப்டாப் ஏழு வருஷப் பழசு. விண்டோஸ் 10, 8 ஜிபி ராம், உள்ள 1 டிபி ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி கிடையாது. கொஞ்ச நாளா வேர்டு, குரோம், ஃபைல் எக்ஸ்ப்ளோரர் எதைத் திறந்தாலும் திடீர்னு அப்படியே நின்னுடுது. மேல "நாட் ரெஸ்பாண்டிங்"னு வரும், விண்டோ வெளுத்துப் போகும், ஆனா மவுஸ் மட்டும் நல்லா நகரும். ஒரு நிமிஷம் பொறுத்தா தானா சரியாயிடும், அதுவரைக்கும் நான் டைப் பண்ணினதெல்லாம் மொத்தமா வந்து விழும். சில சமயம் வரவே வராது, பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சுத்தான் அணைக்கணும். வைரஸா இருக்குமோன்னு ஃபுல் ஸ்கேன் போட்டேன், அந்த ஸ்கேனும் பாதியில நின்னுடுச்சு.

அதைவிடப் பெரிய கவலை பேக்கப். எக்ஸ்டர்னல் டிஸ்க்குல பேக்கப் எடுக்கப் போனா ஒவ்வொரு தடவையும் கிட்டத்தட்ட அதே இடத்துல போய் நிக்குது, ரொம்ப நேரம் கழிச்சு ஐ/ஓ டிவைஸ் எரர்னு சொல்லி ஃபெயில் ஆகுது. கையால காப்பி பண்ணினா சில ஃபோல்டர் முழுசாப் போகுது, சிலதுல "டேட்டா எரர், சைக்ளிக் ரிடண்டன்சி செக்"னு வருது.

இதுல என் பிஎச்டி ஆய்வேடு இருக்கு, அதுக்காக வயசானவங்ககிட்ட உக்காந்து எடுத்த குரல் பதிவுகள் இருக்கு. பேசினவங்கள்ல சிலர் இப்போ உயிரோட இல்ல. ஆய்வேடாவது கைடுக்கு மெயில்ல அனுப்பின பழைய காப்பி ஒண்ணு இருக்கு, பதிவுகளுக்கு வேற காப்பியே கிடையாது.

செக்டிஸ்க் (விண்டோஸ்லயே இருக்குற டிஸ்க் சரிபார்க்கிற டூல்) போட்டா சரியாயிடும்னு ஒருத்தர் சொல்றாரு, ஃபார்மட் பண்ணி விண்டோஸைப் புதுசா போடுங்கன்னு இன்னொருத்தர் சொல்றாரு. எதையும் தொடறதுக்கு முன்னாடி இங்க கேட்டுக்கலாம்னு வந்தேன்.

வேகமணி:

சகோ பயப்படாதீங்க, விண்டோஸ் 10 பழசானா இப்படித்தான் மந்தமாகும். செக்டிஸ்க்கை ஆர் ஆப்ஷனோட போட்டு ராத்திரி பூரா விட்டுடுங்க, பேட் செக்டார், அதாவது டிஸ்க்குல கெட்டுப்போன இடம், எதாவது இருந்தா அதுவே ஒதுக்கிடும். அப்புறம் ஸ்டார்ட்அப்ல இருக்குற தேவையில்லாத புரோகிராம் எல்லாத்தையும் எடுத்து விடுங்க. ராமை 16 ஆக்கினா இன்னும் நல்லா ஓடும்.

வட்டுக்காரன்:

முல்லைக்கொடி, தயவுசெஞ்சு இப்போ செக்டிஸ்க் போடாதீங்க. வேகமணி நல்ல எண்ணத்துலதான் சொல்றாரு, ஆனா உங்க நிலைமைக்கு அது ஆபத்து. ஏன்னு சொல்றேன்.

நீங்க சொன்ன ரெண்டும் ஒரே வியாதி மாதிரித்தான் தெரியுது. ஹார்ட் டிஸ்க்குல ஒரு இடத்தைப் படிக்க முடியலன்னா அது உடனே "முடியல"ன்னு சொல்லாது. டேட்டாவைப் படிக்கிற தலையை லேசா நகர்த்தி, திரும்பத் திரும்பப் படிச்சுப் பார்க்கும். அந்த நேரம் பூரா அந்த டேட்டா வேணும்னு கேட்ட புரோகிராம் அப்படியே காத்துக்கிட்டு நிக்கும். விண்டோஸ் ஒரு டிஸ்க்குக்காகக் காத்திருக்கிற நேரம் வழக்கமா 60 செகண்டு, உங்க "ஒரு நிமிஷம் பொறுத்தா சரியாகும்"ங்கிறது இதோட அப்படியே பொருந்துது. மவுஸ் நகர்றதுக்கு டிஸ்க் தேவையில்ல, அதனால அது மட்டும் ஓடுது. வைரஸ் ஸ்கேன் நின்னதுக்கும் இதான் காரணமா இருக்கும், அதுவும் எல்லா ஃபைலையும் படிக்குற வேலைதானே.

பேக்கப் ஏன் அதே இடத்துல நிக்குது? தினமும் நீங்க தொடறது கொஞ்சம் ஃபைல்தான், பேக்கப் மட்டும்தான் வருஷக்கணக்கா யாரும் திறக்காத ஃபைலையும் போய்ப் படிக்கும். அந்த இடத்துல பேட் செக்டார் இருந்தா அங்கேயே மாட்டிக்கும். சிஆர்சி எரர்னு (அந்த சைக்ளிக் ரிடண்டன்சி செக்தான்) வர்றதும் அதே கதை, படிச்ச டேட்டாவும் சரிபார்ப்பு எண்ணும் ஒத்து வரலன்னு அர்த்தம்.

செக்டிஸ்க்கோட ஆர் ஆப்ஷன் டிரைவ் முழுக்கப் படிக்கும், சாகப் போற டிஸ்க்குக்கு அது பெரிய சுமை. அதோட அது டிஸ்க்குல எழுதவும் செய்யும். படிக்க முடியாத கிளஸ்டரை (சில செக்டார் சேர்ந்த ஒரு தொகுதி) ஒதுக்கிட்டு ஃபைலுக்கு வேற கிளஸ்டர் கொடுக்கும், பழைய இடத்துல இருந்தது போனது போனதுதான். ஃபைல் சிஸ்டத்துக்கு அதுதான் சரியான வைத்தியம், உங்க பதிவுகளுக்கு இல்ல. ஃபார்மட் பத்தி நான் சொல்லவே வேண்டியதில்ல.

இப்போ செய்ய வேண்டியது ரெண்டே ரெண்டு. ஒண்ணு, லேப்டாப்பை வேற எதுக்கும் யூஸ் பண்ணாதீங்க, ஆய்வேடு எழுதணும்னா வேற மெஷின்ல எழுதுங்க. ரெண்டு, டிஸ்க்கோட உடல்நிலையைக் காட்டுற கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவோட ஜிப் வெர்ஷனை வேற கம்ப்யூட்டர்ல இறக்கி பென்டிரைவ்ல போட்டு அங்கிருந்தே ஓட்டுங்க, இன்ஸ்டால் பண்ண வேண்டாம். 05, சி5, சி6, சி7 இந்த நாலு வரியில கடைசி நெடுவரிசையில என்ன எண் இருக்குன்னு சொல்லுங்க. முடிஞ்சா விண்டோஸ் எரரையெல்லாம் குறிச்சு வைக்கிற ஈவன்ட் வியூவர்ல சிஸ்டம் லாக்கைத் திறந்து 7, 51, 129, 153 இந்த நம்பர்ல எதாவது இருக்கான்னும் பாருங்க. 7னா பேட் பிளாக்னு நேராவே எழுதியிருக்கும்.

இன்னொண்ணு, டிஸ்க்ல இருந்து டக் டக்னு சத்தம் வருதா? வந்தா இதெதுவும் செய்யாதீங்க, உடனே அணைச்சுட்டு டேட்டா ரெகவரி செய்றவங்ககிட்டதான் போகணும்.

இரவுப்பறவை:

வட்டுக்காரன் சொல்றது சரியாத்தான் இருக்கும்னு நினைக்கிறேன், ஆனா பேக்கப் எடுத்து வைக்கிற எக்ஸ்டர்னல் டிஸ்க்கையும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க. கேபிள் லூசா இருந்தாலோ பவர் பத்தாத யூஎஸ்பி ஹப்ல மாட்டியிருந்தாலோ இதே ஐ/ஓ எரர் வரும். அது ஃபேட்32ல ஃபார்மட் ஆகியிருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு ஃபைலும் ஏறாது, பேக்கப் ஃபெயில் ஆகும், நிறைய பேர் அங்க மாட்டிக்கிட்டு உள்ள இருக்குற டிஸ்க்கைக் குத்தம் சொல்லிட்டு இருப்பாங்க.

முல்லைக்கொடி:

ரொம்ப நன்றி அண்ணா. டக் டக் சத்தம் எதுவும் இல்ல. எக்ஸ்டர்னல் டிஸ்க் புதுசு, என்டிஎஃப்எஸ், அக்கா லேப்டாப்ல மாட்டிப் பெரிய ஃபைலா காப்பி பண்ணிப் பார்த்தேன், பிரச்னை இல்ல.

கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் கலர்ல "காஷன்"னு காட்டுது. 05ல எல்லாமே பூஜ்யம். சி5ல 138. சி6லயும் 138. சி7 பூஜ்யம். ஈவன்ட் வியூவர்ல 7 வரிசையா இருக்கு, நடுநடுவுல 153ம் இருக்கு. டாஸ்க் மேனேஜர்ல பார்த்தா ஹேங் ஆகுற நேரத்துல டிஸ்க் 100%னு நிக்குது ஆனா வேகம் 0 கேபி.

05 பூஜ்யமா இருக்கே, அப்போ டிஸ்க் இன்னும் நல்லாத்தான் இருக்குன்னு எடுத்துக்கலாமா?

வட்டுக்காரன்:

எடுத்துக்க முடியாதும்மா. 05ங்கிறது டிஸ்க் கெட்ட செக்டாரை மாத்திட்டு ஸ்பேர்ல இருந்து வேற செக்டார் போட்ட கணக்கு. சி5ங்கிறது படிக்க முடியல, என்ன செய்யறதுன்னு முடிவு பண்ணாம நிலுவையில வச்சிருக்குற கணக்கு. அந்த இடத்துல புதுசா எதாவது எழுதினாலோ எப்படியாவது ஒரு தடவை ஒழுங்கா படிச்சாலோதான் டிஸ்க் அதை மாத்தும். உங்க பதிவு இருக்குற இடத்துல யாரும் புதுசா எழுதல, அதனால 05 பூஜ்யமாவே நிக்குது. உங்களுக்கு இது ஒரு வகையில நல்லது, இன்னும் எதையும் தூக்கி எறியல.

அந்த 138 சாதாரண எண் இல்ல, அந்த சாஃப்ட்வேர் ஹெக்ஸ்ல, அதாவது 16ஐ அடிமானமா வச்ச எண்ணுல, காட்டும். நம்ம கணக்குல 312. ஃபங்ஷன் மெனுல அட்வான்ஸ்டு ஃபீச்சர் உள்ள ரா வேல்யூஸ்னு இருக்கும், அதுல டெசிமலுக்கு மாத்திக்கலாம். 312 எட்டால மிச்சமில்லாம வகுபடுது பாருங்க, 39 வருது. இந்த மாதிரி டிஸ்க்கெல்லாம் உள்ள 4096 பைட்டா வச்சுக்கிட்டு வெளிய 512 பைட்டா காட்டும், அதனால ஒரு நிஜ செக்டார் கெட்டா கணக்குல எட்டு ஏறும். ஆக 39 இடம், மொத்தம் 156 கேபி. பதிவுகள் வேவ் ஃபைலா இருந்து 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோன்னா ஒரு செக்டார் போனா போற சத்தம் 0.05 செகண்டு கூட இல்ல. 128 கேபிபிஎஸ் எம்பி3ன்னாலும் கால் செகண்டுதான். அதனால மனசைத் தேத்திக்கோங்க, இப்போதைக்கு இழப்பு ரொம்பச் சின்னது. ஆனா டிஸ்க் இதுவரைக்கும் தட்டுப்பட்டதை மட்டும்தான் எண்ணியிருக்கு, இன்னும் போய்ப் பார்க்காத இடத்துல என்ன இருக்குன்னு அதுக்கே தெரியாது.

அவசரம் ஏன்னா, 2007ல கூகுள்காரங்க தங்களோட டேட்டா சென்டர் டிஸ்க்குகளை வச்சு ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஸ்கேன்ல முதல் எரர் வந்த டிஸ்க், அடுத்த 60 நாள்ல சாகுற வாய்ப்பு எரர் வராத டிஸ்க்கைவிட 39 மடங்குன்னு அதுல இருக்கு. செத்துப்போன டிஸ்க்ல பாதிக்கும் மேல முக்கியமான ஸ்மார்ட் கணக்குகள் (டிஸ்க் தன்னைப் பத்தித் தானே எண்ணி வைக்கிறது) எதுலயும் முன்கூட்டி எதையும் காட்டலன்னும் அதே ஆய்வு சொல்லுது. உங்க டிஸ்க் உங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுச்சு, அதைப் பயன்படுத்திக்கணும்.

வேலையை இந்த வரிசையில செய்யுங்க. முதல்ல குரல் பதிவு ஃபோல்டர், அடுத்தது ஆய்வேடு, அப்புறம்தான் ஃபோட்டோ மத்ததெல்லாம். சி டிரைவ் முழுசையும் இமேஜ் எடுக்கப் போகாதீங்க, விண்டோஸ் ஃபைலை எங்க வேணா வாங்கிக்கலாம். எக்ஸ்ப்ளோரர்ல இழுத்துப் போட்டா ஒரு கெட்ட ஃபைல் வந்ததும் மொத்த காப்பியும் நின்னு உங்களைக் கேக்கும், அதனால கமாண்ட் பிராம்ப்ட்ல விண்டோஸோடவே வர்ற ரோபோகாப்பிங்கிற காப்பி டூலை யூஸ் பண்ணுங்க. ஆனா ஒண்ணு கவனிக்கணும், ரோபோகாப்பியை அப்படியே விட்டா ஒரு ஃபைல் காப்பி ஆகலன்னா பத்து லட்சம் தடவை முயற்சி பண்ணும், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல 30 செகண்டு காத்திருக்கும். சாகப் போற டிஸ்க்கை அது அடிச்சே கொன்னுடும். ஸ்லாஷ் ஆர் கோலன் 0, ஸ்லாஷ் டபிள்யூ கோலன் 0ன்னு கொடுத்தா முடியாத ஃபைலை விட்டுட்டு அடுத்ததுக்குப் போயிடும். சப் ஃபோல்டருக்கு ஸ்லாஷ் ஈ போடுங்க. மிரர் ஆப்ஷன் வேண்டவே வேண்டாம், அது மூலத்துல இல்லாததையெல்லாம் பேக்கப்ல இருந்து அழிச்சுடும். லாக் ஆப்ஷனும் கொடுங்க, எந்த ஃபைல் வரலன்னு அதுல தெரியும், லாக் ஃபைல் எக்ஸ்டர்னல் டிஸ்க்குலதான் இருக்கணும்.

முல்லைக்கொடி:

பதிவுகள் முதல்ல எடுத்துட்டேன் அண்ணா!! ஆய்வேடு ஃபோல்டர் முழுசா வந்துடுச்சு, ஒரு ஃபைல் கூட போகல. பதிவுகள்ல ரெண்டு மட்டும் வரல, லாக்ல ரெண்டுக்கும் சிஆர்சி எரர்னு இருக்கு. அந்த ரெண்டுல ஒண்ணு நான் ரொம்ப மதிக்கிற ஒரு பாட்டி பாடின தாலாட்டு, ஊர்ல வேற யாருக்கும் அந்த மெட்டு தெரியாது. அதை எப்படியாவது எடுக்க வழி இருக்கா? எவ்வளவு வேலையா இருந்தாலும் செய்யறேன்.

வட்டுக்காரன்:

வழி இருக்கு. ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூன்னு ஒரு டூல், லினக்ஸ்ல ஓடும், டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல், அதாவது குளோன், எடுக்கும். சிஸ்டம்ரெஸ்க்யூன்னு ஒரு லைவ் யூஎஸ்பி (விண்டோஸ் இல்லாம பென்டிரைவ்ல இருந்தே பூட் ஆகுற லினக்ஸ்) இருக்கு, அதுலயே டிடிரெஸ்க்யூ சேர்ந்து வரும். இதோட சிறப்பு என்னன்னா கெட்ட இடம் வந்தா அங்க நின்னு போராடாது, தாண்டிக் குதிச்சு நல்லதையெல்லாம் முதல்ல அள்ளிக்கும், அப்புறம்தான் கெட்ட இடத்துக்குத் திரும்பி வந்து ஓரத்துல இருந்து கொஞ்சம் கொஞ்சமா சுரண்டும். எங்க எது வந்தது எது வரலங்கிறதை மேப் ஃபைல்ல எழுதிக்கிட்டே வரும், அதனால நடுவுல அணைஞ்சாலும் விட்ட இடத்துல இருந்து தொடரலாம். மேப் ஃபைலை ஒரு தனி பென்டிரைவ்ல வைங்க, லைவ் யூஎஸ்பி மெமரில வச்சா அணைச்சதும் போயிடும்.

வேணுங்கிறது: பழைய டிஸ்க் அளவோ அதைவிடப் பெருசாவோ இன்னொரு காலி டிஸ்க். அதுல இருக்குறது முழுக்க அழிஞ்சுடும், இப்போ பதிவு எடுத்து வச்ச டிஸ்க்கை இதுக்குப் பயன்படுத்தாதீங்க. பழைய டிஸ்க்கை வெளிய எடுத்து யூஎஸ்பி கேஸ்ல போட்டுப் படிக்க வேண்டாம், லேப்டாப் உள்ளயே இருக்கட்டும், எரர் வர்ற நேரத்துல சில யூஎஸ்பி கேஸ் தொடர்பையே அறுத்துடும்.

எதையும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ஆன்ல இருக்கான்னு பாருங்க. இருந்தா 48 இலக்க ரெகவரி கீயை மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல இருந்து எடுத்து பேப்பர்ல எழுதி வைங்க, பூட் ஆர்டர் மாத்தினா அதைக் கேட்டாலும் கேக்கும், குளோனைத் திறக்கவும் அது வேணும்.

கமாண்ட்ல முதல்ல வர்றது மூலம், ரெண்டாவது இலக்கு. இது மாறிப்போச்சுன்னா காலி டிஸ்க்கை உங்க பதிவு மேல எழுதிடும், திரும்ப எடுக்கவே முடியாது. டிஸ்க் பேரை மட்டும் நம்பாதீங்க, பூட் ஆகும்போதெல்லாம் அது மாறும். மாடல் நம்பர், சீரியல் நம்பர், அளவு மூணையும் பார்த்து ஒத்துப்போனா மட்டும் என்டர் தட்டுங்க. பக்கத்துல யாரையாவது வச்சுக்கிட்டு வாய்விட்டுப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க, தப்பா நினைக்காதீங்க, தொழில்ல இருக்குறவங்களும் அப்படித்தான் செய்வாங்க.

முதல் ஓட்டம் மைனஸ் என் ஆப்ஷனோட, அதாவது சுரண்டல் இல்லாம. அது முடிஞ்சு மீதி எவ்வளவுன்னு பார்த்துட்டு ரெண்டாவது ஓட்டம் மைனஸ் டி (டிஸ்க்கை நேரடியா படிக்க), மைனஸ் ஆர்3 (கெட்ட இடத்தை இன்னும் மூணு சுத்து முயற்சி பண்ண), அதே மேப் ஃபைலோட. ரெண்டாவதுக்கு நேரம் நிறைய ஆகும், டிஸ்க் சூடாகாம ஃபேன் காத்து படுற மாதிரி வைங்க. டிஸ்க்கை ஃபிரிட்ஜ்ல வச்சா வேலை செய்யும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, உள்ள ஈரம் கோத்து தட்டோட மேற்பரப்பே போயிடும்.

வேகமணி:

வட்டுக்காரன் விளக்கத்துக்கு நன்றி. 05க்கும் சி5க்கும் உள்ள வித்தியாசம் இப்போதான் புரிஞ்சது. செக்டிஸ்க் எப்போதான் போடலாம்?

வட்டுக்காரன்:

குளோன் எடுத்து முடிச்ச பிறகு அந்தக் குளோன் மேல போடலாம், ஒரிஜினல் மேல இல்ல. குளோன்ல எதாவது தப்பாப் போனா மறுபடி காப்பி எடுத்துக்க வழி இருக்கும். கரன்ட் போய் ஃபைல் சிஸ்டம் மட்டும் குழம்பிப்போய் ஸ்மார்ட் கணக்கெல்லாம் சுத்தமா இருந்தா நேராவே போடுங்க, அதுக்காகத்தான் அதை வச்சிருக்காங்க. ஸ்மார்ட் சுத்தமா இருந்தும் ஹேங் ஆகுதுன்னா ராமையும் பார்க்கணும், விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் போதும், ஆனா ராம் கெட்டா பெரும்பாலும் நீலத் திரைதான் வரும், இப்படி நிமிஷக்கணக்கா நின்னு திரும்ப ஓடாது. சி7 ஏறிக்கிட்டே போனா டிஸ்க்கோட கேபிளைச் சந்தேகப்படணும்.

முல்லைக்கொடி:

அண்ணா, அக்காவைப் பக்கத்துல உக்கார வச்சு சீரியல் நம்பரை வாய்விட்டுப் படிக்கச் சொல்லித்தான் செஞ்சேன். ரெண்டாவது ஓட்டமும் முடிஞ்சது. 99.99%னு காட்டுது, வராம நின்னது மொத்தம் 212 கேபி. குளோனை அக்கா லேப்டாப்ல மாட்டி அந்த ரெண்டு பதிவையும் எடுத்துட்டேன், ரெண்டுமே திறக்குது. ஒண்ணுல எனக்கு எந்த வித்தியாசமும் கேக்கல. தாலாட்டுல மூணாவது அடியில ஒரு இடத்துல சின்னதா "டப்"னு ஒரு வெட்டு வருது, அவ்வளவுதான், சொல்லும் மெட்டும் முழுசா இருக்கு. எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல.

ரெண்டு கேள்வி. மத்த ஃபைல்கள்ல எதுல ஓட்டை விழுந்திருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பழைய டிஸ்க்கை ஃபார்மட் பண்ணி எதாவது சில்லறை வேலைக்கு வச்சுக்கலாமா?

வட்டுக்காரன்:

கேக்கவே அவ்வளவு சந்தோஷமா இருக்கும்மா. அந்தப் பதிவை இன்னைக்கே மூணு இடத்துல வைங்க, அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய இருக்கணும். கிளவுட்ல சிங்க் ஆகுற ஃபோல்டரை மட்டும் நம்ப வேண்டாம், இங்க தெரியாம அழிச்சா அங்கயும் அழிஞ்சுடும். வெட்டு விழுந்த ஃபைலை அப்படியே வச்சுக்கிட்டு, எடிட் பண்றதா இருந்தா அதோட காப்பியில பண்ணுங்க.

ஓட்டை கண்டுபிடிக்க டிடிரெஸ்க்யூலயே ஃபில் மோட்னு ஒண்ணு இருக்கு. மேப் ஃபைல்ல வராத இடம்னு குறிச்சிருக்குற இடத்துல மட்டும், குளோன் மேல, நீங்க கொடுக்குற ஒரு வித்தியாசமான வார்த்தையை எழுதிடும். அப்புறம் அந்த வார்த்தை எந்த ஃபைல் உள்ள இருக்குன்னு தேடினா ஓட்டை விழுந்த ஃபைல் எல்லாம் கிடைச்சுடும். முதல்ல வேணுங்கிறதையெல்லாம் வெளிய காப்பி பண்ணிட்டு அப்புறம் செய்யுங்க. 212 கேபின்னா அதிகபட்சம் 53 இடம், அதுல பாதி காலி இடமாவோ விண்டோஸ் ஃபைலாவோகூட இருக்கலாம்.

பழைய டிஸ்க்கை மறுபடி யூஸ் பண்ணாதீங்க. முழுசா ஃபார்மட் பண்ணினா நிலுவையில இருந்த செக்டார் மேலயெல்லாம் புதுசா எழுதுறதால சி5 பூஜ்யத்துக்கு வந்து "குட்"னு நீல கலர்லகூடக் காட்டும், அதைப் பார்த்து ஏமாந்து அதுல டேட்டா வைக்கிறவங்க நிறைய பேர். ஆய்வேடு சமர்ப்பிக்குற வரைக்கும் அதைத் தொடாம ஒரு கவர்ல போட்டு மேல பேர் எழுதி வைங்க, அப்புறம் அழிச்சுட்டு மின்கழிவுல போட்டுடுங்க. லேப்டாப்புக்குப் புதுசா எஸ்எஸ்டி போடுங்க, ராம் மாத்தாமலே வேகம் எவ்வளவோ கூடும்.

கடலோரம்:

இதே மாதிரி எனக்கும் ஹேங் ஆகுது ஆனா என்னோடது என்விஎம்இ எஸ்எஸ்டி. அதுல 05, சி5 எல்லாம் காட்டவே மாட்டேங்குதே?

வட்டுக்காரன்:

அதுல கணக்கு வேற. "அவெய்லபிள் ஸ்பேர்", "பர்சன்டேஜ் யூஸ்டு", "மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்" இந்த மூணைப் பாருங்க. கடைசியில சொன்னது பூஜ்யத்தைத் தாண்டியிருந்தா அந்த டிரைவை நம்பாதீங்க. எஸ்எஸ்டி சத்தம் போட்டு எச்சரிக்காது, ஒரு நாள் பயாஸ்லகூடத் தெரியாமப் போயிடும், அழிஞ்ச ஃபைலும் ட்ரிம் (அழிச்ச ஃபைலோட இடம் இனி வேண்டாம்னு விண்டோஸ் எஸ்எஸ்டிக்குச் சொல்றது) ஓடிட்டா திரும்ப வராது. அதனால இந்த மெசேஜைப் படிச்சதும் முதல்ல முக்கியமான ஃபோல்டரை வெளிய காப்பி பண்ணுங்க, அந்த மூணு எண்ணையும் அப்புறம் இங்க போடுங்க, பார்த்துச் சொல்றேன்.